உயர்த்திய ஏ.டி.வி.யும் நீளம் மாற்றும் ஆர்மும்

இதுவரை இந்த இதழில் நான் எழுதியவை எல்லாம் ரயில் சம்பந்தப்பட்டவை. இந்தத் தடவை தண்டவாளத்தை விட்டுக் கீழே இறங்கி, சேற்றில் ஓடும் ஒரு சின்ன வண்டியைப் பற்றி எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பீதம்பூரில் 2007 முதல் நடந்துவரும் பாஹா போட்டிக்காகக் கல்லூரி ஷெட்டில் இரவு பகலாக வெல்டிங் செய்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும், அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விழிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

ஏ.டி.வி. என்பது நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் மாதிரி. குதிரையில் உட்காருவதுபோல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில் பாரைப் பிடித்து ஓட்டவேண்டும். டயர்கள் பருமனாக, காற்று குறைவாக இருக்கும். நம் நாட்டில் விற்கும் பெரும்பாலானவை பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லாதவை. வயல், தோட்டம், மணல்வெளி இவற்றுக்கு மட்டும்தான்.

சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் நர்மதாபுரத்துக்கு அப்பால் நிலம் வைத்துப் பயிர் செய்கிறார். பழைய ஹோஷங்காபாத் மாவட்டம்தான், 2022-ல் பெயர் மாறிற்று. மகன் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம், முப்பத்தைந்து வயது. அங்கே மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்குத் தம்பி. மழை பெய்தால் டிராக்டர் தடத்தில் முழங்கால் ஆழம் புதையும். சோயா வயலையும் பம்பு செட்டையும் பார்த்துவர அவர் பழைய ஏ.டி.வி. ஒன்று வாங்கியிருந்தார். அதன் அடிவயிறு வரப்பிலும் தடத்திலும் உரசுகிறது என்று 2 அங்குலம் உயர்த்தினார். உயர்த்தியபின் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. முன் டயர்களின் உள்பக்கம் மட்டும் தேய்ந்தது. உடனே ஊர்ப் பட்டறை ஒன்றில், பழைய ஆர்ம்களின் நுனியை அறுத்து, தடித்த போல்ட்டைப் பற்றவைத்து, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வாய்க்கால் ஒன்றில் இறங்கும்போது இடது கீழ் ஆர்மின் போல்ட் வளைந்து சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டது. மெதுவாகப் போனதால் பிழைத்தார். வளைந்த துண்டைச் சாக்கில் சுற்றி போபாலில் என் வீட்டுக்கே கொண்டுவந்து, "மாமா, போல்ட் சரியில்லையா, வெல்டிங் சரியில்லையா?" என்று கேட்டார்.

போல்ட் நல்ல போல்ட், வெல்டிங்கும் பரவாயில்லை. மரையை எங்கே வைப்பது என்பதில்தான் கோளாறு. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உயர்த்துவது என்றால் என்ன என்று பார்ப்போம். முன் சக்கரம் ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோண ஆர்ம்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கில ஏ எழுத்துப் போன்ற உருவம் என்பதால் ஏ-ஆர்ம் என்பார்கள். அகன்ற இரு கால்கள் பிரேமில் கீல்போல் பொருந்தும். கூர்முனை பால் ஜாயின்ட் வழியாக நக்கிளில் சேரும். கீழ் ஆர்மின் நடுவுக்குச் சற்று வெளியே ஷாக் அப்சார்பரின் அடிமுனை உட்காரும். வண்டியை உயர்த்த, ஷாக்கின் மேல்முனையில் ஒரு பிராக்கெட் வைத்து அதைக் கீழே இறக்குகிறார்கள். ஆர்ம் ஒரு நெம்புகோல் ஆதலால் மேலே 36 மி.மீ. இறக்கினால் சக்கரம் 50 மி.மீ. கீழே போகும், அதாவது பிரேம் அவ்வளவு மேலே எழும்பும். செலவும் குறைவு, நேரமும் குறைவு. அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

ரயில் பெட்டியிலும் நாங்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் பாக்கிங் வைப்பது உண்டு. ஐ.சி.எஃப். பெட்டியின் புதுச் சக்கரம் 915 மி.மீ. விட்டம். தேயத் தேய, கடைந்து கடைந்து, கழிக்கும்போது சுமார் 90 மி.மீ. குறைந்திருக்கும். பெட்டி அதில் பாதி இறங்கினால் பக்கத்துப் பெட்டியோடு பஃபர் பொருந்தாது. ஆகவே 13, 26, 38, 48 மி.மீ. கனத்தில் வளையங்களை ஸ்பிரிங் இருக்கைக்கு அடியில் போட்டுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவோம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். நாங்கள் போடும் பாக்கிங் வடிவமைத்தவன் சொன்ன உயரத்தை மீட்கிறது. ஏ.டி.வி.க்குப் போடும் பிராக்கெட் வடிவமைத்தவன் சொன்ன உயரத்தைத் தாண்டுகிறது. தாண்டினால் மற்ற அளவுகளையும் நாமே பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வண்டியில் அளந்தவற்றைத் தருகிறேன். கணக்குப் பிடிக்காதவர்கள் எண்களைத் தாண்டிப் படிக்கலாம். கீழ் ஆர்ம் 350 மி.மீ.; மேல் ஆர்ம் 280. உயர்த்துமுன் கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட 60 மி.மீ. தாழ்ந்திருந்தது, மேல் ஆர்ம் 70 தாழ்ந்திருந்தது. உயர்த்தியபின் அவை 110-உம் 120-உம் ஆயின. பித்தாகரஸ் சூத்திரத்தைப் போட்டால், கீழ் ஆர்மின் கிடைநீளம் 345-இலிருந்து 332 ஆகிறது; மேல் ஆர்முடையது 271-இலிருந்து 253. கீழ்ப்பக்கம் சுமார் 12.5 மி.மீ. உள்ளே வந்தது, மேல்பக்கம் 18 உள்ளே வந்தது. இரு பால் ஜாயின்ட்டுகளுக்கும் இடையே 180 மி.மீ. ஐந்தரை மி.மீ. வித்தியாசம் என்றால் சக்கரத்தின் தலை ஏறத்தாழ 1.8 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்துவிட்டது. டயரின் உள்ளோரம் தேய்ந்ததற்குக் காரணம் இதுதான். எல்லா வண்டியிலும் தலை உள்ளேதான் சாயும் என்று எண்ண வேண்டாம். ஆர்ம்களின் நீளமும் ஆரம்பச் சாய்வும் வேறானால் வெளியேயும் சாயும். அளந்து பார்ப்பதே உத்தமம்.

கேம்பர் கெட்டது டயர் செலவு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அளப்பதில்லை. வண்டி உயர்ந்தது, கூடவே குறுகியது. முன் சக்கரங்களின் இடை அகலம் 900 மி.மீ. இருந்தது, 875 ஆயிற்று. ஓட்டுபவரும் உட்கார்ந்த நிலையில் எடைமையம் தரையிலிருந்து தோராயமாக 600 மி.மீ.; உயர்த்தியபின் 650. பக்கச்சரிவில் நிற்கும் வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்பதற்குப் பாதி அகலத்தை எடைமைய உயரத்தால் வகுத்தால் போதும். முன்னே 450-க்கு 600, அதாவது 37 டிகிரி. பின்னே 437.5-க்கு 650, அதாவது 34 டிகிரி. இது காகிதக் கணக்கு. ஸ்பிரிங் அமுங்குவதாலும் டயர் நசுங்குவதாலும் வரப்பின் முட்டினாலும் உண்மையில் இதற்கு வெகு முன்பே சாய்ந்துவிடும். கையில் இருந்த கொஞ்சத்தில் மூன்று டிகிரி போய்விட்டது என்பதுதான் முக்கியம். ஏ.டி.வி.யில் உயிர்ச்சேதம் பெரும்பாலும் வண்டி கவிழ்ந்து ஆள்மேல் விழுவதால்தான். காரைப்போல் கூரையோ பெல்ட்டோ கிடையாது.

பழைய 37 டிகிரி திரும்ப வேண்டுமானால் 650 உயரத்துக்கு அகலம் 975 வேண்டும். பக்கத்துக்கு 37.5 மி.மீ. பழைய அளவைவிடக் கூடுதல். ஆகவே ஆர்ம்கள் நீள வேண்டும். எவ்வளவு? மறுபடி பித்தாகரஸ்தான். கீழ் ஆர்ம் 398 மி.மீ., மேல் ஆர்ம் 331. கீழே 48 கூட்டுகிறோம், மேலே 51. இரண்டுக்கும் ஒரே 48-ஐக் கூட்டினால் சக்கரம் ஒரு டிகிரி சாய்ந்துதான் நிற்கும். இந்த மூன்று மில்லிமீட்டருக்காகவும், செய்யும்போது வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறுக்காகவும், பின்னால் புஷ் தேய்வதற்காகவும்தான் நீளம் மாற்றும் வசதி வேண்டும். உயர்த்துவதற்கும் அகலப்படுத்துவதற்கும் மரையை நம்பக்கூடாது. அந்த நீளம் குழாயிலேயே வந்துவிட வேண்டும். மரை கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மட்டும்.

மரை எதைத் தாங்கும், எதைத் தாங்காது

பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளை இணைக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கைப் பிளாட்பார முனையில் நின்று பார்த்திருப்பீர்கள். நடுவே ஒரு திருகுத் தண்டு. ஒரு பாதியில் வலது மரை, மறுபாதியில் இடது மரை. தொங்கும் குண்டுப் பிடியைச் சுற்றினால் இரண்டு முனையும் ஒருசேர நெருங்கும். நீளம் மாற்றும் இணைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு முழு எக்ஸ்பிரஸ் வண்டியை இழுக்கும் இந்தத் திருகு, அதை மட்டும்தான் செய்கிறது. இழுவிசை தவிர வேறு எதுவும் அதன்மேல் வராது. தள்ளுவிசை வந்தால் பஃபர் வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அசைந்தால் இரு முனையிலும் உள்ள கீல்கள் விட்டுக்கொடுக்கும். வளைக்கும் விசை அந்த மரையைத் தொடாமல் அந்தக் காலத்து ஆட்கள் ஏற்பாடு செய்து வைத்தார்கள்.

ஏன் அவ்வளவு ஜாக்கிரதை? எம்16 அளவு, 1.5 மி.மீ. பிட்ச் உள்ள ஒரு திருகை எடுத்துக்கொள்வோம். இந்த ஏ.டி.வி. நிற்கும்போது ஒரு முன்சக்கரத்தின்மேல் சுமார் 70 கிலோ. பள்ளத்தில் விழும்போது அது நான்கு மடங்காகும் என்று வைத்து, முழு எண்ணாக 300 கிலோ என்போம். அந்த 300 கிலோவும் திருகை நேராக இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 1.9 கிலோதான் வரும், ஒன்றுமே இல்லை. அதே 300 கிலோ, ஆர்மிலிருந்து 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகின் நுனியைக் குறுக்கே அழுத்தினால்? மரையின் அடிவிட்டம் 14.2 மி.மீ. அதை வைத்துப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 32 கிலோ. பதினேழு மடங்கு! சாதாரண மைல்ட் ஸ்டீல் சுமார் 25 கிலோவில் வளைந்து அப்படியே நின்றுவிடும். இன்னும் உயர்ந்த எஃகு போட்டால் வளையாது, சரி. ஆனால் மரையின் அடி ஒவ்வொன்றும் கத்திக் கீறல் மாதிரி. தினம் தினம் வளைத்து நிமிர்த்தினால் அங்கேதான் முதல் விரிசல் கிளம்பும். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். விரிசல் சொல்லாமல் வரும்.

சாக்கில் வந்த துண்டின் கதை இதுதான். கீழ் ஆர்ம்தான் ஷாக்கைத் தாங்குவது. சக்கரத்தின் பாரம் முழுவதும் அதன் நுனியில் மேல்நோக்கி அழுத்தும், ஷாக் நடுவில் கீழ்நோக்கி அழுத்தும். ஆகவே அது ஓர் உத்தரம்போல் வளையும் உறுப்பு. அதன் நுனியில் நீட்டிய போல்ட்டைப் பற்றவைத்தால் வளைவிசை முழுவதும் மரைமேல்தான். இந்த வண்டியில் மேல் ஆர்மில் ஷாக் கிடையாது. அது பெரும்பாலும் இழுவிசையையும் தள்ளுவிசையையும்தான் தாங்குகிறது. ஆகவே தம்பியிடம் சொன்னேன்: "கீழ் ஆர்ம் ஒரே துண்டு, அதில் மரையே கூடாது. மேல் ஆர்மின் நுனியில் மட்டும் மரைத்தண்டு உள்ள பால் ஜாயின்ட்."

பந்தய வண்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு, உள்பக்கக் கீல்களிலும் ராடு எண்ட் போடலாமே என்று அவர் கேட்டார். போடலாம். இரண்டு காலையும் தனித்தனியாக நீட்டிக் குறைத்து, சக்கரம் முன்பின் சாய்வதையும் மாற்றலாம். ஆனால் ராடு எண்ட்டின் உருண்டை திறந்த வெளியில் இருக்கிறது. பந்தயக்காரர் வாரத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவார். கரிசல் சேற்றில் ஒரு மழைக்காலம் ஓடினால் கிலுகிலுப்பை ஆகிவிடும். ரயில் போகியின் ஆங்கர் லிங்க்கிலும் இழுவிசைதான் வருகிறது, அதன் முனைகளில் ரப்பர் வைத்த சைலன்ட் பிளாக்தான் போட்டிருக்கிறார்கள். கிரீஸ் கேட்காது, மண் புகாது. இங்கும் அதே போதும் என்று தீர்மானித்தோம்.

மேல் ஆர்மின் மரைக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பிரேக் போடும்போதும் கல்லில் மோதும்போதும் நுனியில் முன்பின்னாகக் கொஞ்சம் வளைவிசை வரும். எனவே செக் நட்டுக்கு வெளியே தெரியும் திருகு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்குத் தகுந்தாற்போல் குழாயை முதலிலேயே நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இறங்கியிருக்கும் நீளம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது, அதாவது எம்16-க்கு 24 மி.மீ. இருக்க வேண்டும். இதை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? மரை புஷ்ஷின் வாயிலிருந்து 24 மி.மீ. தள்ளி ஒரு 3 மி.மீ. துளை போடச் சொன்னேன். கம்பியை விட்டுப் பார்த்தால் திருகு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் வண்டி கிளம்பக்கூடாது. இரண்டு ரூபாய் வேலை. வாங்கிய விலையுயர்ந்த ஆர்ம்களில்கூட இதை எப்போதும் காண முடிவதில்லை.

செய்த விதம்

குழாய் வாங்கும்போது தண்ணீர்க் குழாயைத் தொடவே வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும், பற்றும் நன்றாக இராது. எஃகின் தரமும் யாருக்கும் தெரியாது. கீழ் ஆர்முக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் குழாய் எடுத்தோம். அதே 300 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டதில் ஷாக் உட்காருமிடத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 16 கிலோ வந்தது. ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தாராளம் என்று சொல்லமாட்டேன். அதனால் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு குழாயும், கூர்முனையில் 4 மி.மீ. தகடும் சேர்த்தோம்.

இங்கே ஷாக்கின் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் கோட்டை விடுவது இதில்தான். பழைய ஆர்மில் ஷாக் உட்கார்ந்தது கீலிலிருந்து 250 மி.மீ. தூரத்தில். ஆர்மை 398 ஆக்கிவிட்டு ஷாக்கை அதே 250-இல் வைத்தால், சக்கரத்துக்கு நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ஸ்பிரிங் அதேதான், ஆனால் சக்கரத்தில் அதன் விறைப்பு நீள விகிதத்தின் வர்க்கப்படி குறையும்: 350-ஐ 398-ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.77. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு விறைப்பு போயிற்று. வண்டி தொப்பென்று உட்கார்ந்து, பணம் கொடுத்து வாங்கிய உயரத்தில் ஒரு பகுதி காணாமல் போகும். அதனால் ஷாக்கை 284-க்கு வெளியே தள்ளினோம். மேல்முனை பிராக்கெட்டையும் அதற்கு ஈடாக 35 மி.மீ. வெளியே வைத்து, ஷாக்கின் சாய்வு மாறாமல் பார்த்துக்கொண்டோம். மேலே சொன்ன 16 கிலோ இப்படி மாற்றிய பிறகு வந்த கணக்கு. மாற்றாவிட்டால் 21.

குழாய்கள் சேருமிடத்தில் மீன்வாய்போல் வளைத்து வெட்டி, இடைவெளி தெரியாமல் பொருத்த வேண்டும். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்புவது பல்லுக்குச் சிமெண்ட் வைப்பது மாதிரி. 12 மி.மீ. தகடு ஒன்றில் கீல்களுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் ஊசிகளை நிறுத்தி ஜிக் செய்துகொண்டோம். இடது, வலது இரண்டையும் அதே ஜிக்கில் தலைகீழாகத் திருப்பி வைத்துச் செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பிம்பமாக வரும். முதலில் டேக் அடித்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பற்றவைக்க வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் ஆர்ம் வில்லாகிவிடும். மரை புஷ்ஷைப் பற்றவைக்கும்போது உள்ளே ஒரு பழைய எம்16 போல்ட்டைத் திருகி வைத்தால் மரை கோணாது. ஆறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இந்த வேலையில் கூடவே கூடாது. தானாக ஆறட்டும், டீ குடித்துவிட்டு வரலாம்.

வெல்டிங் முடிந்ததும் டை பெனிட்ரன்ட் சோதனை. ரயில்வேயில் எனக்குப் பழகிய வேலை இது. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு தானாக எழுதிக்கொள்ளும். மூன்று டப்பாவும் வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும். எட்டு மூட்டுகளில் ஒன்றில் முடி அளவு கோடு தெரிந்தது. அதைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தோம். வெல்டர் முகம் சுருங்கிற்று. இரண்டாம் தடவை சோதித்துச் சுத்தமாக வந்ததும் அவரே தம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

வண்டியில் ஏற்றியபின் வேலை பாதிதான் முடிந்தது. ஸ்டீயரிங் டை ராடுகளும் நீள வேண்டும். அவற்றில் ஏற்கெனவே மரை இருக்கிறதே என்று அதைக் கழற்றி நீட்டி ஒப்பேற்றக்கூடாது, புதுக் குழாய்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நக்கிளில் ஒரு நேரான பலகையைக் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றிப் பாருங்கள். பலகையின் முன்முனையும் பின்முனையும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரே மாதிரி விலகி நெருங்க வேண்டும். முன்முனை மட்டும் திரும்பினால், மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும் என்று பொருள். அப்போது டை ராடு முனையை வாஷர் வைத்து ஏற்றி இறக்கிச் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு இதற்கு ஒரு முழு மாலை பிடித்தது. பிரேக் ஹோஸையும் அப்போதே பாருங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது, ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் விறைக்காமல் இருக்க வேண்டும். இங்கே விறைத்தது, நீளமான ஹோஸ் வாங்கினோம்.

கேம்பர் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சமதரையில், ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்க, ரிம்முக்கு எதிரே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, 300 மி.மீ. இடைவெளியில் மேலும் கீழும் அளந்தால், 5 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. பால் ஜாயின்ட்டின் பின் எப்போதும் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமாதலால் முழுச் சுற்றாகத்தான் திருக முடியும். ஒரு சுற்று ஒன்றரை மில்லிமீட்டர், கேம்பரில் ஏறக்குறைய அரை டிகிரி. இந்த வகை வண்டிக்கு அது போதுமான நுட்பம். டோ அளவு, வண்டியின் கையேட்டில் கண்டபடி. கடைசியில் செக் நட்டுகளை இறுக்கி, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு தளர்ந்தது என்று ஓட்டுபவருக்கே தெரியும்.

பின்பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வண்டியில் பின்னால் ஒரே கட்டை ஆக்சில், செயின் ஓட்டம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சிலுக்கு அடியில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. பெரிய டயர் போட்டால்தான் கூடும். கடையில் லிப்ட் கிட் விற்பவர் இதைச் சொல்வதில்லை. முன்னுக்குச் சமமாக அகலப்படுத்த, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அலுமினிய ஸ்பேசர் போட்டோம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, பேரிங்குக்குச் சுமை கூடும். நீளமான ஆக்சில் கிடைத்தால் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நான்கு சக்கரமும் ஓடும் வண்டியானால் முன்னாலும் டிரைவ் ஷாஃப்ட் நீள வேண்டும், சி.வி. ஜாயின்ட்டின் கோணத்தைப் பார்க்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். அப்படிப்பட்ட வண்டியை உயர்த்துமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் அன்று அவருடைய ஒன்பது வயது மகன் ஓடிவந்து பெட்ரோல் டாங்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். வழக்கமாக அப்படித்தான் வயலுக்குப் போவார்களாம். சாவியை நான் தரவில்லை. ஒருவர் மட்டும் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியில் இரண்டாவது ஆள் ஏறினால், மேலே சொன்ன எடைமையம் எங்கே போகும் என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். பையன் அப்பாவைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டு இறங்கிவிட்டான். அவனுடைய பாட்டி, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட் இப்போது வண்டியிலேயே தொங்குகிறது.

ஆர்ம்களுக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய பெயின்ட்தான் அடித்தோம். கனமான கறுப்புப் பூச்சு பார்க்க அழகு. ஆனால் அடியில் விரிசல் ஓடினால் தெரியாது. வெளிர் நிறத்தில் துருக்கோடு உடனே காட்டிக்கொடுக்கும். 2024 ஜூனில் மழைக்கு முன் மாட்டியவை. அக்டோபரில் சோயா அறுவடைக்குப் பின் நாலையும் கழற்றிக் கழுவி, மறுபடி சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தோம். மூட்டுகளில் ஒன்றும் இல்லை. வலது பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருந்தது, அதை மாற்றினோம். இடது மேல் ஆர்மில் ஒரு சுற்றுத் திருக வேண்டியிருந்தது. துளையில் கம்பியை விட்டபோது திருகு தட்டுப்பட்டது.